அடுத்து எதைச் செய்வது? ப்ராடக்ட் டீமில் புதிதாகச் சேர்ந்தவருக்கு ஒரு வழிகாட்டி

ப்ராடக்ட் டீமில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஓர் எக்செல் ஷீட்டை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள். அதில் 140 வரி இருக்கும்; ஒவ்வொன்றும் சாஃப்ட்வேரில் வேண்டும் என்று யாரோ கேட்ட ஒரு வசதி அல்லது திருத்தம். சேல்ஸ்காரர்கள் சில வரிகளுக்கு மஞ்சள் அடித்திருப்பார்கள், சப்போர்ட்டில் இருப்பவர்கள் சில வரிகளுக்குச் சிவப்பு. ‘எம்.டி. சொன்னது’ என்று நாலு வரி தனியாக நிற்கும். அவற்றுக்கு நிறமே தேவையில்லை. இதிலிருந்து அடுத்த மூன்று மாதத்தில் செய்யப்போகும் மூன்று அல்லது நான்கு வேலைகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

பெரும்பாலானோர் உடனே 140 வரிக்கும் மார்க் போட உட்கார்ந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு நாள் செலவானது, வரிசை அழகாக வந்தது. முதலிடத்தில் வந்த ‘பாயின்ட் சேர்க்கும் வாடிக்கையாளர் அட்டை’ என்ற வசதியை நான்கு மாதம் உழைத்துச் செய்தோம். கடைக்காரர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மார்க் போட்டதில் தப்பில்லை. ஷீட்டில் இருந்தவை எல்லாம் யாரோ சொல்லி யாரோ எழுதியவை. ஒன்றைக்கூட நான் கண்ணால் பார்த்திருக்கவில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் மார்க் போடும் கட்டம் கொஞ்சம் தள்ளித்தான் வரும்.

உதாரணங்கள் எனக்குப் பழக்கமான துறையிலிருந்து வருகின்றன: மெடிக்கல் ஷாப்களுக்கான பில்லிங் சாஃப்ட்வேர். ஐந்து டெவலப்பர்கள் உள்ள சின்ன டீம், சுமார் 1,200 கடைகள் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட வசதியாக எண்களைத் தோராயமாக்கி வைத்திருக்கிறேன்.

முதலில், தேர்வுக்கே வராதவற்றை ஒதுக்குங்கள்

ஷீட்டில் சில வரிகளைப் பற்றி விவாதிக்கவே வேண்டாம். சட்டம் சொன்னால் செய்தே ஆக வேண்டும்.

2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடியது. 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்துவிட்டு 5, 18 என்று பெரும்பாலானவற்றைச் சுருக்கினார்கள். 12 சதவீதத்தில் இருந்த மருந்துகளில் பெரும்பகுதி 5க்கு இறங்கியது. 33 உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை என்று ஆனது. செப்டம்பர் 22 முதல் அமல். நடுவில் 18 நாள். அலமாரியில் பழைய எம்ஆர்பி அச்சடித்த மாத்திரை அட்டைகள் கிடக்கின்றன, பில்லில் புதுக்கணக்கு வர வேண்டும். அந்த 18 நாளும் ரோட்மேப்பில் (அடுத்துச் செய்யும் வேலைகளின் திட்டத்தில்) வேறு என்ன இருந்தது என்று பில்லிங் சாஃப்ட்வேர் செய்யும் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எல்லாமே இப்படித் திடீரென்று வருவதில்லை. இ-இன்வாய்ஸ் (பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் முறை) 2020 அக்டோபரில் 500 கோடி விற்றுமுதல் உள்ள கம்பெனிகளுக்கு வந்தது. பிறகு வரம்பு 100, 50, 20, 10 என்று இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடியில் வந்து நின்றது. மருந்து மொத்த வியாபாரிகளுக்குச் சாஃப்ட்வேர் தருகிறவர் இரண்டாம் படியிலேயே அடுத்த படி எங்கே என்று ஊகித்திருக்கலாம். ஆகவே துறைக்குரிய சட்ட மாற்றங்களை ஒரு தனித் தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். எங்கள் தாளில் ஷெட்யூல் எச்1 மருந்துகளுக்கான (டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்கக்கூடிய, கூடுதல் கண்காணிப்புள்ள மருந்துகள்) பதிவேடு எப்போதும் இருக்கும்: யாருக்கு, எந்த டாக்டர் எழுதி, எவ்வளவு விற்றோம் என்பதைக் கடைக்காரர் தனியாக எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஆய்வாளர் வந்து கேட்கும்போது பிரிண்ட் வரவில்லை என்றால், உங்கள் சாஃப்ட்வேரில் வேறு எவ்வளவு நல்ல வசதி இருந்தும் பிரயோஜனமில்லை.

சட்டத்துக்கு அடுத்து, உடைந்து கிடப்பவை. கரண்ட் போய் வந்தால் பாதி அடித்த பில் காணாமல் போகிறது என்றால் அதைச் சரிசெய்வது ‘வசதி’ கணக்கில் வராது. நோரியாக்கி கானோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் 1984லேயே இதைப் பிரித்துக் காட்டினார்: சில அம்சங்கள் இருந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள், இல்லாவிட்டால் மட்டும் கோபம் வரும். பில் காணாமல் போவது அந்த ரகம்.

இப்போது ஆட்களைக் கணக்கிடுங்கள். ஐந்து டெவலப்பர், மூன்று மாதம் என்றால் காகிதத்தில் 15 ஆள்-மாதம் (ஒருவர் ஒரு மாதத்தில் செய்யும் வேலை ஓர் ஆள்-மாதம்). லீவு, சட்ட மாற்றம், பழுது, சப்போர்ட்டிலிருந்து வரும் அவசரம் எல்லாம் போக, எங்கள் அனுபவத்தில் 8 அல்லது 9தான் மிஞ்சும். அந்த 9ஐ வைத்துத்தான் மீதிப் பேச்சு. இதைச் சொல்லாமல் கூட்டத்தை ஆரம்பித்தால் எல்லோரும் 15ஐ மனதில் வைத்துக்கொண்டு பேசுவார்கள்.

கேட்டதை எழுதாதீர்கள், அவதியை எழுதுங்கள்

ஷீட்டில் வரிகள் பெரும்பாலும் தீர்வாகவே எழுதப்பட்டிருக்கும். ‘எக்ஸ்பைரி ரிப்போர்ட்டில் சிவப்பு நிறம் வேண்டும்.’ ‘வாட்ஸ்அப்பில் பில்.’ ‘எக்செல் டவுன்லோட்.’ இதில் என்ன அவதி ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, ஒவ்வொரு வரியையும் மாற்றி எழுதுங்கள். யார், எந்த நேரத்தில், என்ன செய்யப்போய், எங்கே மாட்டிக்கொள்கிறார்? எழுத முடியாத வரிகளுக்குக் கேள்விக்குறி போட்டு வையுங்கள். முதல் தடவை எனக்கு 140இல் 90க்கு மேல் கேள்விக்குறிதான் விழுந்தது.

எழுதும்போதே பல வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ‘எக்செல் டவுன்லோட்’ கேட்டவர்களில் பாதிப் பேருக்கு ஆடிட்டருக்கு அனுப்ப வேண்டும், மீதிப் பேருக்கு எங்கள் ரிப்போர்ட்டில் இல்லாத ஏதோ ஒரு வரிசையைத் தாங்களே போட வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலை.

போய்ப் பாருங்கள்

அந்தச் சிவப்பு நிறத்தைத் தேடித்தான் மதுரையில் ஒரு மெடிக்கலுக்குப் போனேன். மதியம் இரண்டரை மணி. கடைக்குப் போவதானால் அந்த நேரம்தான் சரி. காலையில் கூட்டம் நெரியும், சாயங்காலம் டாக்டர்கள் கிளினிக் திறந்ததும் மறுபடி நெரியும். கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டுத் தந்தார்கள். கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொல்வதற்குச் சுலபம், வாயை மூடிக்கொண்டு உட்காருவது கஷ்டம். நம் சாஃப்ட்வேரில் அவர் ஒரு வேலையைச் சுற்றிச் சுற்றிச் செய்யும்போது ‘அண்ணே, எஃப்7 அழுத்துங்க’ என்று நாக்கு துடிக்கும்.

கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு இருந்தது. மேலே ஏஜென்ஸி (கடைக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரி) பெயர், கீழே மருந்துப் பெயர், பேட்ச், தேதி, எத்தனை அட்டை. காலாவதி நெருங்கும் சரக்கை ஏஜென்ஸிக்குத் திருப்பிக் கொடுத்துக் கிரெடிட் நோட் (அந்தத் தொகையைக் கணக்கில் கழித்துக்கொள்ளும் சீட்டு) வாங்குவதற்கான கணக்கு அது. எங்கள் சாஃப்ட்வேரில் எக்ஸ்பைரி ரிப்போர்ட் ஏற்கெனவே இருந்தது. அதை ஏன் பார்ப்பதில்லை என்று கடைசியில் கேட்டேன்.

“பார்க்காம என்ன தம்பி, மாசம் ஒரு தடவை பிரிண்ட் எடுக்கிறேன். அதுல தேதி வாரியா வருது. ஏஜென்ஸி பையன் வந்து நிக்கிறப்ப எனக்கு அவனோட சரக்கு மட்டும் வேணும். அவன் ரெண்டு நிமிஷம்தான் நிப்பான். அதான் எழுதி வெச்சுக்கிறேன்.”

அப்போ சிவப்பு நிறம்? “அவசரமா திருப்ப வேண்டியது கண்ணுல படட்டும்னு கேட்டேன். ஏஜென்ஸி வாரியா வந்துட்டா அது எதுக்கு?”

ஆபீசில் அந்தச் சிவப்பு நிறம் அதற்குள் ‘எக்ஸ்பைரி டாஷ்போர்டு’ என்று வளர்ந்து, இரண்டு வரைபடத்தோடு டிசைனும் தயாராகி இருந்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் வேலை. அவருக்கு வேண்டியிருந்தது வரிசையை மாற்றித் தரும் ஒரு பட்டன்.

கடைகளுக்குப் போகும்போது இந்த மாதிரி நோட்டுகளைத்தான் தேட வேண்டும். சாஃப்ட்வேருக்கு வெளியே கையால் செய்துகொள்கிற சில்லறை வேலைகள்: மானிட்டரில் ஒட்டிய துண்டுச்சீட்டு, கால்குலேட்டர், தனக்குத் தானே அனுப்பிக்கொள்ளும் வாட்ஸ்அப் மெசேஜ். ஒருவர் மெனக்கெட்டு இதைத் தினமும் செய்கிறார் என்றால் அந்த அவதி நிஜம். ட்விட்டரின் ஹேஷ்டேக்கும் இப்படி வந்ததுதான். அந்தக் கம்பெனியில் வேலையே பார்க்காத கிறிஸ் மெசினா, ஒரே விஷயத்தைப் பேசுகிறவர்களைச் சேர்க்க # குறி போடலாமா என்று 2007 ஆகஸ்டில் கேட்டார். ஜனங்கள் கையாலேயே # போட்டு எழுதிப் பழகினார்கள். 2009இல்தான் ட்விட்டர் அதைச் சொடுக்கக்கூடிய இணைப்பாக மாற்றியது.

எத்தனை கடைக்குப் போவது? ஐந்தாறு போதும், ஆனால் ரகம் மாற வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று, தெருமுனையில் ஒன்று, கிராமத்தில் ஒன்று, உங்கள் சாஃப்ட்வேரை விட்டுப்போன கடை ஒன்று. கடைசியாகச் சொன்னதைத் தவறவிடாதீர்கள். கொஞ்சம் திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு குறி

திரும்பி வந்தால் கையில் நிஜமான அவதிகள் பத்துப் பதினைந்து இருக்கும். எல்லாவற்றையும் ஒப்பிட ஒரு பொதுவான குறி, அதாவது ஓர் இலக்கு, வேண்டும். இந்தக் காலாண்டில் எது மாற வேண்டும்? புதுக்கடைகள் சேர வேண்டுமா, இருக்கும் கடைகள் போகாமல் இருக்க வேண்டுமா, ஒரு கடையிலிருந்து வரும் பணம் கூட வேண்டுமா? மூன்றும் வேண்டும் என்றுதான் எம்.டி. சொல்வார். ஒன்றைச் சொல்லும்வரை நகராதீர்கள். வருடச் சந்தாவைப் புதுப்பிக்காமல் போகும் கடைகளைக் குறைப்பது என்று எங்கள் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம்.

இப்போது மார்க்

மார்க் போட நிறைய முறைகள் இருக்கின்றன. ஆரம்பிப்பவருக்கு நான் சொல்வது ரைஸ். அரிசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; Reach, Impact, Confidence, Effort என்ற நான்கு சொற்களின் முதலெழுத்துகள். இன்டர்காம் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியில் உருவான முறை, நான்கு எண் போதும்.

எத்தனை பேரைத் தொடும்: ஒரு காலாண்டில் எத்தனை கடை. எவ்வளவு பலன்: மிகப் பெரிது என்றால் 3, பெரிது 2, நடுத்தரம் 1, சிறிது 0.5, மிகச் சிறிது 0.25. எவ்வளவு நம்பிக்கை: ஆதாரம் வலுவாக இருந்தால் 100 சதவீதம், ஓரளவு என்றால் 80, ஊகம் என்றால் 50. எவ்வளவு உழைப்பு: ஆள்-மாதத்தில். முதல் மூன்றையும் பெருக்கி நான்காவதால் வகுக்க வேண்டும்.

ஏஜென்ஸி வாரி எக்ஸ்பைரி பட்டியல்: 900 கடை, பலன் 1, நம்பிக்கை 80, உழைப்பு அரை ஆள்-மாதம். 900 × 1 × 0.8 ÷ 0.5 = 1,440.

வாட்ஸ்அப்பில் பில்: 1,000 கடை, பலன் 0.5, நம்பிக்கை 80, உழைப்பு 2. விடை 200.

பல கிளைகளின் சரக்கிருப்பை ஒரே இடத்தில் பார்ப்பது: 60 கடை, பலன் 3, நம்பிக்கை 50, உழைப்பு 6. விடை 15.

எண் வந்துவிட்டதே, முடிந்தது என்று ஷீட்டை மூடிவிட வேண்டாம். இந்த எண்கள் எங்கே சண்டை இருக்கிறது என்று காட்டுவதற்குத்தான் அதிகம் உதவும். மார்க்கை நீங்கள் தனியாகப் போடாதீர்கள். டெவலப்பர் ஒருவர், சப்போர்ட்டில் ஒருவர், சேல்ஸில் ஒருவர், நீங்கள் என்று நாலு பேரும் ஒருவர் மற்றவருடையதைப் பார்க்காமல் தனித்தனியாகப் போட்டு, அப்புறம் விரித்து வையுங்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே எண் போட்ட இடத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம். சப்போர்ட்டுக்காரர் 0.5 போட்ட இடத்தில் சேல்ஸ்காரர் 3 போட்டிருந்தால், இருவரில் ஒருவருக்கு மற்றவருக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருக்கிறது. அதைப் பேச வையுங்கள்.

எண்ணை ஆட்டிப் பார்ப்பதும் நல்லது. வாட்ஸ்அப் பில் ஒரே ஆள்-மாதத்தில் முடியும் என்று டெவலப்பர் அடித்துச் சொல்கிறார். சரி, 2க்குப் பதில் 1 போட்டால் 200 என்பது 400 ஆகும். எக்ஸ்பைரி பட்டியலுக்கு அப்போதும் கிட்டவே வராது. வரிசை மாறாத விஷயத்துக்கு ஒரு மணி நேரம் வாதாட வேண்டியதில்லை.

பல கிளை விஷயத்தில் 15 என்ற எண்ணை நான் அப்படியே நம்ப மாட்டேன். கடையை எண்ணினால் 60. அந்த 60 கடைகளும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தருகின்றன என்றால் கதை வேறு. ரைஸ் கணக்குக்கு அது தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, நம்பிக்கை 50 என்பதன் பொருள் ‘வேண்டாம்’ என்பதல்ல, ‘இன்னும் போய்ப் பார்க்கவில்லை’ என்பது. இரண்டு கிளை வைத்திருக்கும் கடைக்காரர் நாலு பேரோடு உட்கார்ந்துவிட்டு வந்தால் அது 80 ஆகலாம், 20க்கும் இறங்கலாம். கிளைகளுக்குள் சரக்கு மாற்றுவது நடப்பதே இல்லை என்றும் தெரிய வரலாம்.

செய்வதற்கு முன் மலிவாக ஒரு சோதனை

2009இல் ரான் கோஹவியும் அவருடைய சகாக்களும் மைக்ரோசாஃப்டில் நடந்த சோதனைகளைப் பற்றி எழுதினார்கள். நன்றாக யோசித்து, ஒரு குறிப்பிட்ட அளவை உயர்த்தவே செய்த யோசனைகளில் சுமார் மூன்றில் ஒன்றுதான் உண்மையில் அதை உயர்த்தியது. மீதியில் சில எதையும் மாற்றவில்லை, சில கெடுத்தன. அத்தனை ஆட்களும் தகவலும் உள்ள இடத்திலேயே நிலைமை அது. ஐந்து டெவலப்பர் டீமில் நம் ஊகம் பலித்துவிடும் என்று நான்கு மாதத்தைப் பணயம் வைக்கக் கூடாது. நான் ஒரு தடவை வைத்துத் தோற்றதை மேலேயே சொல்லிவிட்டேன்.

எக்ஸ்பைரி பட்டியலுக்கு நாங்கள் செய்தது இது. பத்துக் கடைகளின் தகவலை எடுத்து, ஒரு டெவலப்பர் கையால் ஏஜென்ஸி வாரியாகப் பிரித்து, திங்கள்கிழமை காலையில் பிடிஎஃபாக வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். மூன்று வாரம். முன்கூட்டியே ஒரு கோடு போட்டுக்கொண்டோம்: பத்தில் ஆறு கடையாவது மூன்றாம் வாரமும் பட்டியலைப் பயன்படுத்தினால் செய்வோம், இல்லையென்றால் விட்டுவிடுவோம். கோட்டை முன்னாலேயே போடுவது முக்கியம். முடிவு வந்த பிறகு போட்டால் நாலு கடையும் ‘பரவாயில்லை’ ஆகிவிடும். ஏழு கடை பயன்படுத்தின. இரண்டாம் வாரம் அனுப்பத் தாமதமானபோது மூன்று பேர் “இன்னும் லிஸ்ட் வரலையே” என்று போன் செய்தார்கள். அந்த போன்தான் என்னை நம்ப வைத்தது.

எவ்வளவு நேரம் தகும்?

பழக்கத்தில் நாம் ‘இதைச் செய்ய எவ்வளவு நாள் ஆகும்’ என்று கேட்போம். பேஸ்கேம்ப் என்ற சாஃப்ட்வேர் கம்பெனியில் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள்: இந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு நாள் கொடுக்கலாம்? அதிகபட்சம் ஆறு வாரம் என்று கொடுத்துவிட்டு, அதற்குள் அடங்கும்படி வேலையைச் செதுக்குவார்கள். எனக்கு இந்தத் திருப்பம் மிகவும் பிடித்தது, காரணம் டிசைனர்களோடும் டெவலப்பர்களோடும் பேச்சு சட்டென்று மாறும். எக்ஸ்பைரி பட்டியலுக்கு இரண்டு வாரம் என்று சொன்னதும் வரைபடங்கள் தாமாகவே விழுந்துவிட்டன. ‘வெட்டிய அட்டைகளை என்ன செய்வது’ என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. நாலு மாத்திரை மட்டும் கேட்கிறவருக்கு அட்டையை வெட்டிக் கொடுத்தால் மீதித் துண்டில் பேட்ச் எண் இல்லாமல் போகலாம். அந்தக் கடைக்கு வரும் ஏஜென்ஸிகள் அதைத் திருப்பி எடுப்பதும் இல்லை. பட்டியலில் முழு அட்டையை மட்டும் காட்டுவது என்று முடிவு செய்தோம்.

‘இல்லை’ என்று சொல்வது

மூன்று வேலை தேர்வானால் 137 வரிக்குச் சொந்தக்காரர்கள் வருத்தப்படுவார்கள். அவர்களைக் காத்திருக்க வைத்து மழுப்புவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. ‘பார்க்கிறோம்’ என்ற சொல்லை விட்டுவிடுங்கள். சேல்ஸ்காரர் அதை ‘வருகிறது’ என்று கடைக்காரரிடம் மொழிபெயர்த்துவிடுவார். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“சார், பல கிளைச் சரக்கிருப்பு இந்தக் காலாண்டில் இல்லை. 6 ஆள்-மாதம் ஆகும், கையில் மொத்தம் 9தான் இருக்கிறது. இது இல்லாததால் புதுப்பிக்காமல் போன கடைகள் எவை என்று பெயர் கொடுத்தால் நானே போய்ப் பேசுகிறேன். ஏப்ரல் முதல் வாரம் மறுபடி எடுப்போம்.”

காரணம், கணக்கு, அவர் செய்யக்கூடிய ஒன்று, தேதி. எம்.டி.யின் நாலு வரிக்கும் இதே மரியாதைதான். கொஞ்சம் தயக்கமாக இருக்கும். நேரில் சொல்லிவிட்டு அப்புறம் எழுதி அனுப்புங்கள்.

முடிவை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள்: எந்த அவதி, யாரிடம் பார்த்தோம், என்ன மாறும் என்று எதிர்பார்க்கிறோம், எந்தத் தேதியில் சரிபார்ப்போம். இரண்டு வருடமாக யாரும் தொடாத வரிகளை அழித்தும் விடலாம். நிஜமான அவதி என்றால் மறுபடி வரும்.

வெளியிட்ட பிறகு

முப்பதாவது நாள், எத்தனை கடை அந்தப் பட்டனை அழுத்தியது என்று பாருங்கள். முதல் தடவை அழுத்தியவர்கள் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம்; புதுசாக எது வந்தாலும் ஒரு தடவை அழுத்துவார்கள். மூன்றாவது, நான்காவது தடவை அழுத்தியவர்களை எண்ணுங்கள். அப்புறம் முதலில் போன கடைக்கே மறுபடி போங்கள்.

நான் போனேன். அதே மதியம் இரண்டரை மணி, அதே ஸ்டூல். பட்டியலைப் பிரிண்ட் எடுத்து ஏஜென்ஸி வாரியாகக் கிளிப் போட்டு மாட்டியிருந்தார். கீபோர்டுக்குப் பக்கத்தில் நீள நோட்டும் அப்படியே இருந்தது. என்ன அண்ணே, இன்னும் இதுவா என்றேன். சரக்கை எடுத்துப் போகும்போது ஏஜென்ஸி பையன் அதில்தான் கையெழுத்துப் போடுவானாம். கிரெடிட் நோட் வராமல் இழுத்தடித்தால் காட்டுவதற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி. ‘ரிட்டர்ன் சரக்கு கொடுத்ததற்குச் சான்று இல்லை, கிரெடிட் நோட் வந்ததா என்று தெரியவில்லை’ என்று பஸ்ஸில் வரும்போதே புது ஷீட்டில் முதல் வரியாக எழுதிக்கொண்டேன். எத்தனை கடையில் இந்த நிலை என்று தெரியாததால் நம்பிக்கைக்கு 50 போட்டேன்.